அழுக்கைத் தேடிப் போனால் ஆள் பற்றாக்குறை தெரியும்: காப்பகத்தின் மீதான புகாரை எப்படி விசாரிக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய் தன் பதினான்கு மாதக் குழந்தையைப் பகல்நேரக் காப்பகம் ஒன்றில் விட்டிருக்கிறார். மாலையில் அழைத்துவரப் போனால் டயப்பர் நிறைந்து கனத்துக் கிடக்கிறது. அறையில் வாடை. டயப்பர் புண் ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வருகிறது. போகும்போதெல்லாம் யாராவது ஒரு புது ஊழியர். நிர்வாகியிடம் கேட்டால், "விதிப்படி ஆள் வைத்திருக்கிறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உரிமம் தரும் அலுவலகத்தில் புகார் கொடுத்தால் உண்மையில் என்ன நடக்கும், எதையெல்லாம் பார்ப்பார்கள், கடைசியில் "ஆதாரமில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்களா என்று கேட்கிறார்.

காப்பகங்களை ஆய்வு செய்யும் வேலையில் பல வருடம் இருந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புகார் கொடுங்கள். ஆனால் சுத்தம் ஒரு புகார், ஆள் குறைவு வேறொரு புகார் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். அழுக்கு கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டும், அதனால் பெற்றோர் அதைத்தான் எழுதுவார்கள். ஆள் குறைவு அப்படித் தெரியாது. அது குறிப்பிட்ட சில மணி நேரங்களில் மட்டும் இருக்கும். காலை பத்தரைக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் அதே அறையில், மாலை ஐந்து மணிக்கு ஒருவர் தனியாகத் திண்டாடிக்கொண்டிருப்பார்.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். டயப்பர் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர் தன் கையைக் கழுவ வேண்டும். மேசையில் புதுத் தாள் விரிக்க வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, பழையதைச் சுருட்டி, காலால் திறக்கும் மூடி போட்ட தொட்டியில் போட வேண்டும். புதியதை மாட்டி, குழந்தையின் கையையும் கழுவி இறக்கிவிட வேண்டும். அப்புறம் மேசையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, கிருமிநாசினி தெளித்து, அது வேலை செய்யும் நேரம்வரை ஈரமாகவே விட வேண்டும். மறுபடி தன் கையைக் கழுவி, ஏட்டில் எழுத வேண்டும். ஒன்றையும் விடாமல் செய்தால் ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஆகும். எட்டுக் கைக்குழந்தைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு மணி நேரத்தில் பாதிப் பேருக்காவது பால் கொடுக்க வேண்டியிருக்கும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். ஆக நூறு நிமிடம் போய்விட்டது. மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தில்தான் அழுகிறவர்களைத் தூக்கி, தூங்குகிறவர்களைக் கிடத்தி, வாயில் வைத்த பொம்மைகளைக் கழுவி, வாந்தியைத் துடைத்து, வாசலில் நிற்கும் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதோடு, மேசையில் ஒரு குழந்தை இருக்கும் வரை ஒரு கை அந்தக் குழந்தையின் மேலேயே இருந்தாக வேண்டும். மற்ற ஏழு பேரை யார் பார்ப்பது?

முடியாது. மனுஷருக்கு முடியாத வேலை அது. எனவே ஏதோ ஒன்றை விட்டுவிடுவார்கள். அழுகிற குழந்தையை அப்படியே விட்டுவிட முடியாது, எல்லோருக்கும் கேட்கும். கை கழுவாததும் மேசையைத் துடைக்காததும் யார் கண்ணிலும் படாது. ஆகவே முதலில் கைவிடப்படுவது கை கழுவுதல், அடுத்தது மேசை, மூன்றாவது பொம்மைகள். நான் பார்த்த அசுத்தமான காப்பகங்களில் சோம்பேறி ஊழியர்கள் மிகக் குறைவு. கால் கடுக்க ஓடிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

அதனால்தான் ஒருவருக்கு இத்தனைக் குழந்தைகள் என்ற விகிதத்தைச் சட்டமே வரையறுக்கிறது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட 3 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதே வயதுக்கு 4 பேருக்கு ஒருவர். இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு 4 பேருக்கு ஒருவர் என்றிருந்ததை 2023 செப்டம்பரில் 5 பேருக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள், அதற்குப் பெரிய எதிர்ப்பும் இருந்தது. ஆக எண் இடத்துக்கு இடம் மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். உங்கள் காப்பகத்துக்குப் பொருந்தும் எண் எது என்பதை உரிம விதிகளில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரின் முதுகெலும்பு அதுதான்.

இந்த எண்ணில் ஒரு பழைய தந்திரம் உண்டு. கட்டடத்தில் மொத்தம் நாற்பது குழந்தைகள், எட்டு ஊழியர்கள், ஐந்துக்கு ஒருவர், விதி சரி என்று நிர்வாகி சொல்வார். அந்த எட்டில் சமையல்காரர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், நிர்வாகி ஒருவர், உணவு இடைவேளைக்குப் போனவர் ஒருவர். மீதி நால்வர்தான் குழந்தைகளோடு இருக்கிறார்கள். விகிதம் என்பது கட்டடத்தின் சராசரி கிடையாது. இந்த அறையில், இந்த நிமிடத்தில், குழந்தைகளைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டு நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான். "விதிப்படி ஆள் வைத்திருக்கிறோம்" என்று உங்களிடம் சொன்ன நிர்வாகி பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறார், நீங்கள் அறையைப் பார்த்துக் கேட்கிறீர்கள்.

சரி, புகார் கைக்கு வந்ததும் என்ன செய்வார்கள்? முதலில் அவசரத்தை எடைபோடுவார்கள். குழந்தைக்குக் காயம், அடித்தது, பூட்டி வைத்தது, தனியாக விட்டது என்றால் அது உரிம அலுவலகத்தோடு நிற்கிற விஷயமே இல்லை. குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கும் காவல் துறைக்கும் அன்றைக்கே போக வேண்டும். மற்றவை வரிசைப்படி வரும். அடுத்து, உங்கள் கடிதத்தைத் தனித்தனிக் குற்றச்சாட்டுகளாக உடைப்பார்கள். "அங்கே எதுவுமே சரியில்லை, குழந்தைகளைக் கவனிப்பதே இல்லை" என்ற வரியை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வாளரால் ஒன்றும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை மாலை 5.10 முதல் 5.25 வரை கைக்குழந்தைகள் அறையில் ஒன்பது குழந்தைகள் இருந்தார்கள், ஊழியர் ஒருவர் மட்டும் இருந்தார், டயப்பர் மேசைக்குப் பக்கத்துக் கைகழுவும் தொட்டியில் சோப்பு இல்லை" என்ற வரியை வைத்து நிறையச் செய்யலாம். அதில் நான்கு விஷயங்கள் தனித்தனியாகச் சரிபார்க்கக் கூடியவை. அதைவிட முக்கியம், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்பதை அது ஆய்வாளருக்குச் சொல்லிவிடுகிறது.

ஆய்வு முன்னறிவிப்பில்லாமல் நடக்க வேண்டும். தேதி சொல்லிவிட்டுப் போவது ஆய்வே இல்லை, விருந்துக்குப் போவது. அதே அளவுக்குத் தேவையானது சரியான நேரம். அலுவலக நேரத்தில் போகும் ஆய்வாளர் அலுவலக நேரத்துக் காப்பகத்தைத்தான் பார்ப்பார். ஆள் குறைவு தெரியும் நேரங்கள் நான்கு: திறந்த முதல் அரை மணி, ஊழியர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகும் நேரம், குழந்தைகள் தூங்கும் நேரம், மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். தூங்கும் நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "எல்லோரும் தூங்கிவிட்டார்கள், ஒருவர் போதும்" என்று நினைத்து மற்றவர்கள் பாத்திரம் கழுவப் போய்விடுவார்கள். விளக்கணைத்த அறையில் குப்புறப் புரண்டுகொண்ட கைக்குழந்தையை யாரும் கவனிக்காமல் போவது அப்போதுதான்.

நல்ல ஆய்வாளர் உள்ளே போனதும் அலுவலக அறையில் உட்கார்ந்து கோப்புகளைக் கேட்க மாட்டார். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நேரே அறைகளுக்குப் போய்த் தலைகளை எண்ணுவார். நேரத்தைக் குறித்துக்கொண்டு, அறைவாரியாகக் குழந்தைகள் எத்தனை, பெரியவர்கள் எத்தனை என்று எழுதுவார். முதல் பத்து நிமிடத்தில் எழுதிய எண்ணுக்குத்தான் மதிப்பு. அதற்குப் பிறகு செய்தி பரவிவிடும், அறைகளில் ஆட்கள் முளைப்பார்கள். ஒருமுறை நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்மணி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முழங்கை வரை ஈரம், முன்கையில் சோப்பு நுரை. "இவன் பெயர் என்னம்மா?" என்று கேட்டேன். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் வாசலில் நின்ற நிர்வாகியைப் பார்த்தார். அவர் சமையலறை உதவியாளர். அவர்மேல் தப்பில்லை, போய் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்.

இதேபோல் இன்னொரு கேள்வியும் உண்டு. அறையின் பொறுப்பாளரிடம், திரும்பிப் பார்க்காமல், "இப்போது உங்களிடம் எத்தனைக் குழந்தைகள்?" என்று கேட்பது. வேலையில் ஊன்றியிருப்பவர் தயங்காமல் சொல்வார். அன்றைக்குத்தான் அந்த அறைக்கு மாற்றப்பட்டவர் எண்ண ஆரம்பிப்பார்.

இனி சுத்தத்துக்கு வருவோம். இங்கே பெற்றோரும், சில சமயம் புது ஆய்வாளர்களும், தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். தரையில் பொம்மைகள் இறைந்து கிடப்பது, சுவரில் வண்ணக் கிறுக்கல், சட்டையில் மண் ஆகியவை அழுக்கு இல்லை, குழந்தைகள் விளையாடினார்கள் என்பதற்கு அடையாளம். மாலை ஐந்து மணிக்கும் பளபளவென்று, ஒரு பொம்மைகூட இடம் மாறாமல் இருக்கும் அறைதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கும். நறுமணத் தெளிப்பான் மூக்கைத் துளைக்கிறது என்றால் இன்னும் சந்தேகம். சுத்தமான அறைக்கு எந்த வாசனையும் இருக்காது.

பார்க்க வேண்டியவை கொஞ்சம் அடக்கமான இடங்களில் இருக்கின்றன. டயப்பர் மேசைக்கு அருகில் உள்ள கைகழுவும் தொட்டி பிற்பகலில் காய்ந்து கிடந்தால் அதுவே ஒரு சாட்சி. சோப்பு இருக்கிறதா, காகிதத் துண்டு இருக்கிறதா, பக்கத்துக் குப்பைத் தொட்டியில் பயன்படுத்திய காகிதத் துண்டுகள் கிடக்கின்றனவா? ஊழியர்கள் கழுவியிருந்தால் அவை மலைபோல் சேர்ந்திருக்க வேண்டும். டயப்பர் தொட்டியைத் திறந்து எண்ணவும் செய்யலாம், கூச்சப்பட்டால் இந்த வேலைக்கு ஆகாது. காலையிலிருந்து எட்டுக் குழந்தைகளுக்கும் மூன்று முறை மாற்றியதாக ஏட்டில் இருந்தால், தொட்டியில் இருபத்துநான்கு இருக்க வேண்டும். நடுவில் தொட்டியைக் காலி செய்தார்களா என்று கேட்டுவிட்டு, பதினொன்றுதான் இருக்கிறது என்றால் ஏட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம்.

கிருமிநாசினிப் புட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளீச் கலந்த தண்ணீர் நாளாக ஆக வீரியம் இழக்கும், அதனால் அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து தேதி ஒட்டுவது நல்ல காப்பகங்களின் வழக்கம். தேதியே இல்லாத புட்டி, அடியில் கொஞ்சம் மங்கலான தண்ணீர் என்றால் யாரும் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். இன்னொன்று, மலம் ஒட்டிய பரப்பின் மேல் நேரடியாகப் பிளீச் தெளித்தால் அது அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் சோப்பால் துடைக்க வேண்டும், பிறகு தெளிக்க வேண்டும், தெளித்தவுடன் துடைத்துவிடக் கூடாது. ஊழியரிடம் "செய்து காட்டுங்கள்" என்றால் இந்த மூன்றும் தெரிகிறதா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நாங்கள் எல்லா அறையிலும் சானிடைசர் வைத்திருக்கிறோம்" என்ற பதிலுக்கு மயங்க வேண்டாம். கூட்டமாக வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. கண்ணுக்கு அழுக்காகத் தெரியும் கைக்கும் அது பயன்படாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் இருபது விநாடித் தேய்ப்பும்தான் வழி. ஷிகெல்லா போன்ற பாக்டீரியா நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வந்துவிடும். டயப்பர் மாற்றிய கையோடு பால் புட்டியைத் தொட்டால் போதும். அதனால்தான் டயப்பர் மேசையும் உணவு தயாரிக்கும் இடமும் ஒட்டி இருக்கக் கூடாது, இரண்டுக்கும் ஒரே கைகழுவும் தொட்டி கூடாது என்று விதிகள் கறாராகச் சொல்கின்றன. பால் பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் கலந்து, குடிக்கும் பதத்துக்கு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஜன்னலோரத்தில் பாதி குடித்த நாலைந்து புட்டிகள் பெயரொட்டாமல் நின்றுகொண்டிருந்தால் அதையும் எழுதிக்கொள்வார்கள்.

நோயைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புகார்களில் அது கட்டாயம் வரும். "என் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது" என்பது காப்பகத்துக்கு எதிரான ஆதாரம் ஆகாது. சின்னக் குழந்தைகளுக்கு வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டுச் சளி வருவது சாதாரணம், கூட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு இன்னும் கூடுதலாகவே வரும். டயப்பர் புண்ணும் தனியாக எதையும் நிரூபிக்காது. அதற்குப் பூஞ்சை, ஒவ்வாமை, புது உணவு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரே வாரத்தில் ஒரே அறையில் ஆறு குழந்தைகளுக்கு வயிறு போனால் அது வேறு கதை. யாருக்கு என்றைக்கு ஆரம்பித்தது என்று ஒரு பட்டியல் போட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். நோரோ வைரஸ் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் காட்டிவிடும். எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தால் உணவையோ தண்ணீரையோ சந்தேகிப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒருவராக நீண்டுகொண்டே போனால் கையிலிருந்து கைக்குப் பரவுகிறது என்று அர்த்தம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இன்னும் தந்திரமானது. சராசரியாக நான்கு வாரம் பதுங்கியிருக்கும். சின்னக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. பெற்றோருக்கோ ஊழியருக்கோ மஞ்சள் காமாலை வரும்போதுதான் காப்பகத்தில் அது சுற்றியது தெரியவரும்.

பிரிட்டனில், கடைசியாக வயிறு போனதிலிருந்தோ வாந்தி எடுத்ததிலிருந்தோ 48 மணி நேரம் குழந்தை காப்பகத்துக்கு வரக் கூடாது. ஊழியருக்கும் அதேதான். இந்த விதி எங்கே உடைகிறது தெரியுமா? ஊழியரிடம். விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் இல்லை, சம்பளமும் இல்லை, அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வருவார். மறுபடி பாருங்கள், சுத்தத்தில் தொடங்கி ஆள் கணக்கில் வந்து நிற்கிறோம்.

அறைகளைப் பார்த்த பிறகுதான் காகிதங்கள். குழந்தைகளின் வருகைப் பதிவேடு, ஊழியர்களின் வருகைப் பதிவேடு, ஷிப்ட் அட்டவணை, சம்பளப் பட்டியல், டயப்பர் ஏடு, தூக்க ஏடு, காயங்களின் பதிவு, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ், ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு. இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஒன்றை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும். அட்டவணையில் இருக்கும் பெயர் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் இல்லை. விடுப்பில் இருந்த குழந்தைக்குத் தூக்க ஏட்டில் ஒன்றேகால் மணி நேரத் தூக்கம். டயப்பர் ஏட்டில் பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி என்று எல்லாக் குழந்தைக்கும் ஒரே நேரம், ஒரே பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து. எட்டுக் குழந்தைகளுக்கு ஒரே நிமிடத்தில் டயப்பர் மாற்ற எட்டுப் பேர் வேண்டும். உண்மையான ஏட்டில் 10.05, 10.20, 10.40 என்று நேரம் சிதறியிருக்கும், நடுவில் ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கும், ஓரத்தில் ஈரம் பட்டு மை கசிந்திருக்கும். மாலையில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய ஏடு பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

ஊழியர்களிடம் தனித்தனியாகப் பேசுவார்கள், நிர்வாகி கூட இருக்கக் கூடாது. "இங்கே ஆள் போதவில்லையா?" என்று கேட்டால், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "நீங்கள் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நொடி சிரிப்பார்கள். பிறகு, "போகமாட்டேன்" என்பார்கள். இல்லையென்றால், "கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓடிப்போய் வருவேன்" என்பார்கள். அந்த ஒரு பதிலில் நீங்கள் கேட்காத பத்துக் கேள்விகளுக்கும் விடை இருக்கும். வேலையை விட்டுப் போனவர்களிடமும் பேச வேண்டும். அவர்களுக்குக் கோபம் இருக்கலாம், அதனால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தேதியையும் அறையையும் கேட்டுப் பதிவேட்டில் சரிபார்ப்பார்கள்.

காப்பகத்தின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். கட்டணத் தகராறில் எழுந்த புகார்கள், போட்டிக் காப்பகம் தூண்டிவிட்டவை, நீக்கப்பட்ட ஊழியர் பழிவாங்க எழுதியவை எல்லாம் வரத்தான் செய்யும். புகார் கொடுத்தவரின் நோக்கம் என்ன என்று ஆராய்வதில் நேரத்தைச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. கெட்ட எண்ணத்தோடு எழுதிய கடிதத்தில் உண்மையான ஓட்டை இருந்ததையும் பார்த்திருக்கிறேன், நல்லெண்ணத்தோடு எழுதியது ஒரே ஒரு மோசமான நாளைப் பற்றியதாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊழியர்கள் ஒரே நாளில் காய்ச்சலில் விழுந்தால் எந்தக் காப்பகமும் தடுமாறும். அன்றைக்கு நிர்வாகி என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. பெற்றோரை அழைத்து, "இன்றைக்கு இத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்" என்று சொன்னாரா, சமாளித்துவிடலாம் என்று விட்டாரா?

முடிவு எப்படி வரும் என்று கேட்டீர்கள். பல இடங்களில் மூன்று வகை. நிரூபிக்கப்பட்டது, போதிய ஆதாரமில்லை, ஆதாரமற்றது. நடுவில் இருப்பதைக் கேட்டதும் பெற்றோர் நொந்துபோகிறார்கள். அதற்குப் பொருள் நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பதல்ல, நடந்ததாகவும் காட்ட முடியவில்லை, நடக்கவில்லை என்றும் காட்ட முடியவில்லை என்பதுதான். இங்கே தேவைப்படுவது கொலை வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம் இல்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். ஆனால் அந்த அளவைத் தொடவும் ஏதாவது கையில் வேண்டுமே. அது நழுவிப்போவதற்கு முக்கியக் காரணம் தாமதம். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து, அவற்றின் மேலேயே புதியவை ஏறிவிடும். இரண்டு மாதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் புகாருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அதனால் கடிதத்திலேயே, "இந்தத் தேதி, இந்த நேரத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். "ஆதாரமில்லை" என்று மூடப்பட்ட கோப்பும் குப்பைக்குப் போவதில்லை. அடுத்த வருடம் வேறொரு பெற்றோர், அதே அறை, அதே ஐந்து மணி என்று எழுதும்போது பழைய கடிதம் மேலே வரும்.

நிரூபணமானால் காப்பகம் ஒரு திருத்தத் திட்டம் எழுதித் தர வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் படியுங்கள். "ஊழியர்களுக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது", "சுத்தத்தின் முக்கியத்துவம் குறித்து வகுப்பு நடத்தப்பட்டது" என்று இருந்தால் ஒன்றும் மாறாது. கை கழுவ வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? அவருக்கு நேரம் இல்லை. "மாலை 4 முதல் 6 வரை கைக்குழந்தைகள் அறைக்குக் கூடுதலாக ஒருவர்", "புது ஆள் சேரும்வரை புதுக் குழந்தைகள் சேர்ப்பு நிறுத்தம்", "உணவு இடைவேளைக்கு மாற்று ஆளின் பெயர் அட்டவணையில்" என்று இருந்தால் அதை நம்பலாம். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரின் புகைப்படத்தை இணைத்து அனுப்புவார்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. மறு ஆய்வு அதே கிழமையில் அதே நேரத்துக்குப் போக வேண்டும். உரிமத்தை ரத்து செய்வது கடைசி ஆயுதம், அபூர்வமாகத்தான் எடுப்பார்கள். மறுநாள் காலையில் நாற்பது குடும்பங்கள் குழந்தையை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் பெயர் வெளியே போகுமா? பல இடங்களில் பெயரில்லாமல் கொடுக்கலாம். பெயர் கொடுத்தாலும் பெரும்பாலும் காப்பகத்திடம் சொல்லமாட்டார்கள். ஆனால் "பதினான்கு மாதக் குழந்தை, இடுப்பில் புண்" என்று எழுதினால் நிர்வாகி ஊகித்துவிடுவார் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் உங்கள் குழந்தையைப் பற்றிய பகுதியைச் சுருக்கி, அறையைப் பற்றிய பகுதியை விரிவாக எழுதுவது நல்லது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: வழக்கமான நேரத்துக்குப் போகாமல் வேறு வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். போனதும் எண்ணுங்கள், வெளியே வந்ததும் செல்போனில் தேதி, நேரம், குழந்தைகள், பெரியவர்கள் என்று நாலு விவரம் போட்டு வையுங்கள். மற்றக் குழந்தைகள் தெரியும்படி படம் எடுக்காதீர்கள், அது உங்கள் பக்கத்தையே பலவீனமாக்கும். அறையில் இருக்கும் ஊழியரிடம் கோபப்பட வேண்டாம், பல இடங்களில் நமக்குக் கடைசியில் உண்மையைச் சொன்னவர் அவர்தான். காப்பகத்தின் பழைய ஆய்வு அறிக்கைகளைப் பல இடங்களில் பொதுவில் வைக்கிறார்கள், தேடிப் படியுங்கள். மூன்று அறிக்கைகளில் "ஊழியர் விகிதம்" என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் நிர்வாகியின் வாக்குறுதிக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

விசாரணை முடியும்வரை குழந்தையை அங்கே விடுவதா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் மனதில் இருக்கும். நிறைந்த டயப்பருக்காகவும் வாடைக்காகவும் மட்டும் நாளைக்கே நிறுத்த வேண்டியதில்லை, மாற்று இடம் பார்த்துக்கொண்டே புகாரை நடத்தலாம். ஆனால் பெரியவர் யாரும் இல்லாத அறையில் குழந்தைகளைப் பார்த்தாலோ, விளக்கம் சொல்ல முடியாத காயம் இருந்தாலோ, உங்களைக் கேட்காமல் மருந்து கொடுத்திருந்தாலோ, பெற்றோரை அறைக்குள் வரவிடாமல் வாசலிலேயே நிறுத்தத் தொடங்கினாலோ, அன்றைக்கே குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். புகாரை வீட்டிலிருந்தும் எழுதலாம்.